கையெழுத்து போடும் முன் ஒரு நிமிடம்: திடீரென வேலை போனால் என்ன செய்வது?

மாலை ஏழரை மணி. கடையில் கூட்டம் குறைந்துவிட்டது. பில்லிங் கவுண்டரில் அன்றைய கணக்கை முடித்துக்கொண்டிருக்கிறீர்கள். மேனேஜர் உள்ளே கூப்பிடுகிறார்.

"நாளையிலிருந்து வர வேண்டாம். கணக்கு ஒத்து வரலைன்னு ஓனர் சொல்றார். எதுக்குப் பிரச்சினை? இந்த பேப்பர்ல ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க. சம்பள பாக்கியை அக்கவுண்ட்ல போட்டுடறோம்."

மேசையில் இருப்பது நீங்கள் எழுதாத உங்கள் ராஜினாமா கடிதம். "சொந்தக் காரணங்களுக்காக நானே பணியிலிருந்து விலகுகிறேன்" என்று டைப் அடித்து, கீழே உங்கள் பெயரும் போட்டிருக்கிறது.

ஆறு வருஷம் உழைத்த இடம். தப்பு எதுவும் செய்யவில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் கை நடுங்குகிறது, கண்ணில் நீர் முட்டுகிறது, சீக்கிரம் வெளியே போய்விட்டால் போதும் என்றிருக்கிறது. பேனாவும் கையில்தான் இருக்கிறது.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் ஜவுளிக்கடையோ, பனியன் கம்பெனியோ, தனியார் மருத்துவமனையோ, ஐ.டி. அலுவலகமோ, இதே மாதிரி ஒரு மாலை யாருக்கும் வரலாம். அப்படி வந்தால் முதல் சில நாட்களில் என்ன செய்ய வேண்டும், வர வேண்டிய பணத்தை எப்படிக் கேட்பது, அடுத்த வேலையை எப்படித் தேடுவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

அந்தக் கையெழுத்து ஏன் முக்கியம்?

"வேலையே போயிடுச்சு, பேப்பர்ல என்ன எழுதியிருந்தா என்ன?" என்று தோன்றும். ஆனால் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

நிறுவனம் உங்களை நீக்கினால் அதற்குக் காரணம் காட்ட வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. நீங்களே விலகியதாகக் கையெழுத்து போட்டுவிட்டால், "நான் விலகவில்லை, விலக வைத்தார்கள்" என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் வந்து விழும். முன்னறிவிப்புக்குப் பதிலான ஒரு மாதச் சம்பளம், ஆட்குறைப்பு இழப்பீடு, பணிநீக்கத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை எல்லாமே அதனால் சிக்கலாகிவிடும்.

அதனால் அந்த நேரத்தில் சொல்ல வேண்டியது ஒரே வரி: "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன் சார்." கோபப்பட வேண்டாம், வாக்குவாதமும் வேண்டாம். வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டாலும், "பணம் முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்ற ரசீதில் பணம் வருவதற்கு முன் கேட்டாலும் இதே பதில்தான். கடிதத்தைக் கையில் தர மறுத்தால், அதில் என்ன எழுதியிருந்தது என்பதை வெளியே வந்ததும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

"ஐயோ, நான் ஏற்கெனவே போட்டுட்டேனே!" என்கிறீர்களா? பதறாதீங்க. ராஜினாமா ஏற்கப்பட்டு நடைமுறைக்கு வருவதற்கு முன்பு அதைத் திரும்பப் பெறலாம். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமா என்பது நிரூபணமானால், அதைப் பணிநீக்கமாகவே கருதி நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. ஆனால் எவ்வளவு சீக்கிரம் எழுத்தில் மறுக்கிறீர்களோ அந்த அளவுக்குத்தான் உங்கள் பேச்சு எடுபடும். ஆறு மாதம் கழித்துச் சொல்வதற்கும் மறுநாளே சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

முதல் மூன்று நாள்: ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்

உங்கள் போனில் ஒரு ஃபோல்டர் திறந்து கீழே உள்ளவற்றைச் சேருங்கள். அலுவலக மின்னஞ்சல், வருகைப்பதிவுச் செயலி, வாட்ஸ்அப் குழு எல்லாவற்றிலிருந்தும் உங்களை எப்போது வேண்டுமானாலும் நீக்கிவிடலாம் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

1. பணி நியமன ஆணை, அடையாள அட்டை, சம்பளச் சீட்டுகள். நியமன ஆணை தரவே இல்லை என்றாலும் கவலை வேண்டாம், மற்றவை போதும்.
2. சம்பளம் வரவான வங்கிக் கணக்கு அறிக்கை. வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து எடுங்கள்.
3. பி.எஃப். பாஸ்புக். யு.ஏ.என். எண்ணைக் கொண்டு உறுப்பினர் தளத்திலோ உமங் செயலியிலோ பதிவிறக்கலாம். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அதுவும்.
4. வேலை தொடர்பான வாட்ஸ்அப் செய்திகளின் ஸ்கிரீன்ஷாட். ஷிப்ட் விவரம், பாராட்டு, திட்டு எல்லாமே சாட்சிதான். தேதி தெரியும்படி எடுங்கள்.
5. நடந்தது என்ன என்று நீங்களே எழுதிய ஒரு பக்கக் குறிப்பு. தேதி, நேரம், யார் சொன்னார்கள், என்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள். நினைவு மங்குவதற்குள் அன்றிரவே எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை: உங்கள் வேலைக்கான சான்றுகளை மட்டும் எடுங்கள். வாடிக்கையாளர் பட்டியல், நிறுவனத்தின் கணக்கு விவரம் போன்றவற்றை நகல் எடுத்தால் அதையே உங்கள் மீதான குற்றச்சாட்டாக மாற்றிவிட முடியும்.

இந்தக் கோப்புக்கு இரண்டு பயன் உண்டு. நியாயம் கேட்டுப் போகும்போது இது சாட்சி. புது வேலை கேட்டுப் போகும்போது இதுவே அனுபவச் சான்று. எப்படி என்று பின்னால் பார்ப்போம்.

மறுநாள் வேலைக்குப் போங்கள்

கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் வாய்மொழியாக "வராதே" என்று சொல்லிவிட்டு, பின்னால் "அவராகவே வராமல் நின்றுவிட்டார்" என்று பதில் தருவது பல வழக்குகளில் நடப்பதுதான். அதனால் எழுத்துப்பூர்வ ஆணை எதுவும் தரப்படவில்லை என்றால், மறுநாள் வழக்கமான நேரத்துக்குப் போங்கள். வாசலிலேயே நிறுத்தினால் சண்டை போடாமல் திரும்பிவிடுங்கள். எத்தனை மணிக்குப் போனீர்கள், யார் நிறுத்தினார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்றே ஒரு கடிதம் அனுப்புங்கள். பெரிய சட்ட வார்த்தைகள் தேவையில்லை. இந்த மாதிரி போதும்:

"ஐயா, நான் தங்கள் நிறுவனத்தில் (தேதி) முதல் (பதவி) பணியில் இருந்து வருகிறேன். (தேதி) மாலை (நேரம்) மணிக்கு, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று (பெயர், பதவி) என்னிடம் வாய்மொழியாகக் கூறினார். மறுநாள் பணிக்கு வந்தபோது என்னை அனுமதிக்கவில்லை. எனக்கு எழுத்துப்பூர்வ அறிவிப்போ, விளக்கம் கேட்கும் கடிதமோ தரப்படவில்லை. விசாரணையும் நடத்தப்படவில்லை. நான் ராஜினாமா செய்யவில்லை. தொடர்ந்து பணிபுரியத் தயாராக இருக்கிறேன். என்னை மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளுமாறும், இல்லையெனில் காரணத்தை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

ஏற்கெனவே கையெழுத்து போட்டவர்கள், "நான் ராஜினாமா செய்யவில்லை" என்ற வரிக்குப் பதிலாக, "(தேதி) அன்று என்னிடம் கட்டாயப்படுத்திக் கையெழுத்து பெறப்பட்ட ராஜினாமா கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதுங்கள்.

இதை மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். ஆனால் தபாலிலும் கட்டாயம் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் சேவை 2025 செப்டம்பர் 1 முதல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. அஞ்சலகத்தில் பதிவுடன் கூடிய விரைவு அஞ்சல் என்று கேட்டு அனுப்பி, ரசீதையும் கடிதத்தின் நகலையும் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

எதெல்லாம் நியாயமற்ற பணிநீக்கம்?

வேலை போனதெல்லாம் சட்டவிரோதம் ஆகிவிடாது. உண்மையாகவே நிறுவனம் நொடித்துப்போய் ஆட்களைக் குறைக்கலாம். ஒப்பந்தக் காலம் முடிந்திருக்கலாம். ஆனால் அதற்கும் முறை இருக்கிறது.

கடை, ஹோட்டல், தனியார் அலுவலகம் போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 துணை நிற்கிறது. அதன் 41-ஆம் பிரிவின்படி, தொடர்ந்து 6 மாதமாவது வேலை செய்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்குப் பதில் ஒரு மாதச் சம்பளமோ தராமலும் நீக்க முடியாது. முறைகேடு செய்தார் என்று குற்றம் சாட்டினால் முன்னறிவிப்பு தேவையில்லை. ஆனால் அதற்கு விசாரணை நடந்திருக்க வேண்டும், அதில் சாட்சியம் பதிவாகியிருக்க வேண்டும். "கணக்கு ஒத்து வரலை" என்று ஒரு வார்த்தையில் சொல்லி அனுப்பிவிட முடியாது.

ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்த, அதாவது 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத முன்னறிவிப்போடு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும்.

பிரசவ விடுப்பில் இருக்கும் பெண்ணை அந்தக் காரணத்துக்காக நீக்குவது சட்டப்படி தவறு. பாலியல் தொல்லை பற்றிப் பேசியதால் வேலை போனதா? நிறுவனத்தின் உள்புகார்க் குழுவிலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிலோ முறையிடலாம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் தருவது முக்கியம். சங்கத்தில் சேர்ந்ததற்காகவோ, நியாயமான கூலி கேட்டதற்காகவோ பழிவாங்கி நீக்குவதும் செல்லாது.

"எனக்கு மேனேஜர்னு பதவி கொடுத்திருக்காங்களே, எனக்கு இதெல்லாம் பொருந்துமா?" என்று கேட்பவர்கள் உண்டு. விசிட்டிங் கார்டில் இருக்கும் பெயரை வைத்து மட்டும் இது முடிவாவதில்லை. உண்மையில் நீங்கள் செய்த வேலை என்ன என்பதுதான் பார்க்கப்படும். அதையும் உங்கள் குறிப்பில் எழுதி வையுங்கள்.

எங்கே போய் மனு கொடுப்பது?

இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, மேலே சொன்ன கடைகள் சட்டத்தின் கீழ் தொழிலாளர் துணை ஆணையரிடம் மேல்முறையீடு. நீக்க ஆணை கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் செய்ய வேண்டும். தாமதமானால் அதற்குக் காரணம் காட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி, தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) அலுவலகத்தில் மனு. சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பதில்லை. தனி ஒருவரின் பணிநீக்கமும் தொழில் தகராறுதான். இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். வழக்கறிஞர் இல்லாமலே நீங்கள் போய்ப் பேசலாம். உடன்பாடு ஏற்படவில்லை என்றால் அடுத்த கட்டமாகத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

இங்கே ஒரு மாற்றத்தைக் கவனியுங்கள். 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுகள் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய சட்டத்தில் நீதிமன்றம் செல்ல 3 ஆண்டு அவகாசம் இருந்தது. புதிய தொகுப்பின்படி, தகராறு எழுந்து 2 ஆண்டு கடந்துவிட்டால் சமரச அலுவலர் அதை எடுத்துக்கொள்ள முடியாது. சமரசம் முறிந்தால், அலுவலரின் அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்க வேண்டும். "மூணு வருஷம் டைம் இருக்கு" என்று பழைய கணக்கில் யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் மாதத்திலேயே போய்விடுங்கள்.

எந்த வழி உங்களுக்கு ஏற்றது என்று குழப்பமாக இருக்கிறதா? உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

வர வேண்டிய பணம்: ஒரு சின்னக் கணக்கு

சம்பள பாக்கி: நீக்கப்பட்ட 2 வேலை நாட்களுக்குள் தர வேண்டும். "அடுத்த மாசம் ஏழாம் தேதி பார்க்கலாம்" என்பதெல்லாம் சரியல்ல. தராவிட்டால் தொழிலாளர் துறையில் தனியாகக் கோரலாம்.

பணிக்கொடை: 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் 5 ஆண்டு தொடர்ந்து பணியாற்றியிருந்தால் உண்டு. ராஜினாமா செய்திருந்தாலும் உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்குங்கள். உதாரணத்துக்கு, மாதம் 15,600 ரூபாய், 6 ஆண்டு என்றால்: 15,600-ஐ 26-ஆல் வகுத்தால் 600. அதை 15-ஆல் பெருக்கினால் 9,000. 6 ஆண்டுக்கு 54,000 ரூபாய். கேட்காமல் விட்டுவிடும் தொகையா இது?

பி.எஃப்.: பழைய நிறுவனம் நீங்கள் விலகிய தேதியைப் பதிவு செய்யாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்களிப்பு வந்து 2 மாதம் கழித்து நீங்களே உறுப்பினர் தளத்தில் பதிவு செய்யலாம். அவசரப்பட்டு மொத்தத்தையும் எடுத்துவிடாதீர்கள். புதிய வேலை கிடைத்ததும் அதே யு.ஏ.என். எண்ணுக்கு மாற்றிக்கொண்டால் ஓய்வூதியத்துக்கான பணிக்காலம் அறுபடாது.

இ.எஸ்.ஐ.: வேலை போன மறுநாளே மருத்துவ வசதி நின்றுவிடாது. நீங்கள் ஏற்கெனவே கட்டிய பங்களிப்புக்கு உரிய பலன் காலம் வரை அது தொடரும். எதுவரை என்று கிளை அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதோடு, அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற வேலையிழப்பு நிவாரணமும் இ.எஸ்.ஐ.-யில் இருக்கிறது. சராசரி தினசரி ஊதியத்தில் 50 சதவீதம், அதிகபட்சம் 90 நாளுக்கு, வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும். குறைந்தது 2 ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும், பங்களிப்பு நாட்களுக்கும் நிபந்தனை உண்டு. வேலை போய் 30 நாள் கழித்து விண்ணப்பிக்கலாம். அவ்வப்போது கால நீட்டிப்பு செய்யப்பட்டு வரும் திட்டம் என்பதால், இப்போது அமலில் உள்ளதா என்று முதலில் விசாரியுங்கள். முறைகேட்டுக்காக நீக்கப்பட்டவர்களுக்கும் விருப்ப ஓய்வில் போனவர்களுக்கும் இது கிடையாது. பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

சட்டம், பணம் எல்லாவற்றையும்விட இதுதான் பலருக்கும் கஷ்டம். காலையில் வழக்கம்போல டிபன் பாக்ஸோடு கிளம்பி, பஸ் ஸ்டாண்டிலும் பார்க்கிலும் பொழுதைப் போக்கிவிட்டு மாலையில் திரும்புகிறவர்கள் உண்டு. வேண்டாம். ஒரு வாரம் மறைத்தால் அடுத்த வாரம் சொல்வது இன்னும் கஷ்டமாகும். கடன் வாங்கிச் சமாளிக்கும் யோசனையும் அப்போதுதான் வரும்.

அன்றிரவே சொல்லிவிடுங்கள். "என்ன தப்பு பண்ணினே?" என்று முதல் கேள்வி வரலாம். அந்தக் கேள்வி குத்தும். பதிலுக்குக் கத்தாமல், நீங்கள் எழுதிய அந்த ஒரு பக்கக் குறிப்பைப் படிக்கக் கொடுங்கள். சொல்லிப் புரிய வைக்க முடியாததை அந்தப் பக்கம் புரிய வைக்கும்.

வேலை போன வீட்டில் யாராவது இருந்தால், உங்களுக்கும் ஒரு வார்த்தை. "பக்கத்து வீட்டுப் பையனுக்கு வேலை கிடைச்சிடுச்சாம்" என்ற பேச்சைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாலே பெரிய உதவி.

பணத்துக்கு ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: கட்டாயம் கட்ட வேண்டியது, பேசித் தள்ளிப்போடக்கூடியது, நிறுத்தக்கூடியது. தவணை தேதி வருவதற்கு முன்பே வங்கிக்குப் போய் நிலைமையைச் சொல்லி அவகாசம் கேளுங்கள். தவறிய பிறகு கேட்பதைவிட முன்கூட்டிக் கேட்பது எடுபடும். ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாகச் சொல்லும் செயலிகள் பக்கம் மட்டும் போகாதீர்கள். உங்கள் போனில் இருக்கும் எண்கள், படங்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்கிக்கொண்டு, பிறகு உறவினர்களுக்குப் போன் போட்டு அவமானப்படுத்தும் கும்பல்கள் அதில் உண்டு.

தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, தப்பான எண்ணங்கள் வருகின்றன என்றால் ஒரு போன் தூரத்தில் ஆள் இருக்கிறார்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணிலோ 104 என்ற எண்ணிலோ தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இதில் வெட்கப்பட எதுவும் இல்லைங்க.

அடுத்த வேலை: "எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் இருக்கா?"

இங்கேதான் முன்பு தயாரித்த கோப்பு மறுபடியும் கைகொடுக்கிறது. பழைய நிறுவனம் அனுபவச் சான்றிதழ் தர மறுக்கலாம். ஆனால் பி.எஃப். பாஸ்புக்கில் நிறுவனத்தின் பெயரும் மாதாமாதம் வந்த பங்களிப்பும் இருக்கின்றன. வங்கி அறிக்கையில் சம்பளம் இருக்கிறது. நியமன ஆணையில் பதவி இருக்கிறது. இந்த மூன்றையும் வரிசையாக வைத்தால் ஆறு ஆண்டு அனுபவம் கண்ணுக்குத் தெரியும். கூடவே, உங்களோடு வேலை செய்த மூத்தவர் ஒருவரிடம், "சார், யாராவது கேட்டா என்னைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்வீங்களா?" என்று கேட்டு அனுமதி வாங்கி வையுங்கள்.

இன்னொன்று, பழைய வேலையை மறைக்காதீர்கள். புதிய நிறுவனத்தில் யு.ஏ.என். கொடுத்ததும் முந்தைய பணி விவரம் தெரியவரும். மறைத்தது தெரிந்தால்தான் சந்தேகம் வரும்.

பதிவு செய்ய வேண்டிய இடங்கள்:

தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையதளம். வேலை தேடுபவர்களும் வேலை தருபவர்களும் இதில் இலவசமாகப் பதியலாம்.

மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். பல மாவட்டங்களில் வெள்ளிக்கிழமைகளில் சிறிய அளவிலான தனியார் வேலைவாய்ப்பு முகாம்கள் நடக்கின்றன. தேதியை மாவட்ட நிர்வாகத்தின் சமூக ஊடகப் பக்கத்தில் பாருங்கள். உங்கள் வேலைவாய்ப்புப் பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம். வெளி மாநில வாய்ப்புகளும் இதில் வரும்.

வேறு தொழிலுக்கு மாற நினைத்தால், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் குறுகிய காலப் பயிற்சிகளை விசாரியுங்கள்.

வேலைக்கு முன்பணம், சீருடைக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று யார் கேட்டாலும் நின்று யோசியுங்கள். வேலை தேடும் அவசரத்தைத்தான் மோசடிக்காரர்கள் குறி வைக்கிறார்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும்.

"ஏன் அங்கே இருந்து வந்துட்டீங்க?"

நேர்காணலில் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். மனதில் உள்ள ஆற்றாமை முழுவதும் அந்த நிமிடத்தில் பொங்கும். பழைய முதலாளியைத் திட்டத் தொடங்கினால் எதிரில் இருப்பவர், "நாளைக்கு நம்மளையும் இப்படித்தான் பேசுவாரோ" என்று நினைப்பார். பொய்யும் வேண்டாம், புலம்பலும் வேண்டாம். மூன்றே வரி:

"அங்கே ஆறு வருஷம் பில்லிங்ல இருந்தேன் சார். திடீர்னு நிறுத்திட்டாங்க, அது சம்பந்தமா தொழிலாளர் அலுவலகத்துல மனு கொடுத்திருக்கேன். தினமும் இருநூறு பில்லுக்கு மேல தனியா பார்த்திருக்கேன், இங்கேயும் அதே வேலையை நல்லா செய்ய முடியும்."

மனு கொடுத்ததை நீங்களாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. கேட்டால் மறைக்க வேண்டாம், அவ்வளவுதான். இதை வீட்டில் சத்தமாக நாலைந்து தடவை சொல்லிப் பழகுங்கள். முதல் தடவை குரல் உடையும். ஐந்தாவது தடவை உடையாது.

வழக்கும் வேலையும் சேர்ந்தே நடக்கலாம்

"வேற வேலையில சேர்ந்துட்டா கேஸ் போயிடுமா?" என்ற பயத்தில் மாதக்கணக்கில் சும்மா இருப்பவர்கள் உண்டு. வேறு வேலையில் சேர்வதால் மட்டுமே உங்கள் மனு தள்ளுபடி ஆகாது. மீண்டும் பணியில் சேர்க்க உத்தரவு வந்தால், நிலுவைச் சம்பளத்தைக் கணக்கிடும்போது இடையில் நீங்கள் சம்பாதித்ததும் பார்க்கப்படும். அதனால் புதிய வேலையை மறைக்காமல் உண்மையைச் சொல்லுங்கள்.

அதே நேரம், முழு நாளையும் வழக்கே விழுங்கிவிட அனுமதிக்காதீர்கள். வாரத்தில் ஒரு அரை நாளை மனு, கடிதம், அலுவலகம் என்று ஒதுக்குங்கள். மற்ற நாட்கள் வேலை தேடலுக்கும் வீட்டுக்கும். நியாயம் வர நாளாகலாம், சில சமயம் முழுதாகக் கிடைக்காமலும் போகலாம். அதுவரை வீட்டு அடுப்பு எரிய வேண்டும் அல்லவா?

போனில் இப்போதே சேமித்து வையுங்கள்

இலவச சட்ட உதவி: 15100
மனநல ஆலோசனை: 14416, 104
இணைய மோசடிப் புகார்: 1930
பெண்கள் உதவி எண்: 181
முதலமைச்சர் உதவி மையம்: 1100

இந்தக் கட்டுரையைப் படிக்கும் இந்த நிமிடம் உங்கள் வேலை பத்திரமாகவே இருக்கலாம். சந்தோஷம். அப்படியானால் இன்றைக்கே இரண்டு காரியம் செய்துவிடுங்கள்: பி.எஃப். பாஸ்புக்கை ஒருமுறை திறந்து, மாதாமாதம் பணம் வருகிறதா என்று பாருங்கள். உங்கள் நியமன ஆணையைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பத்து நிமிட வேலைதான்.

வேலையை இழந்து நிற்பவராக நீங்கள் இருந்தால், ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அவர்கள் எடுத்தது ஒரு நாற்காலியை. ஆறு ஆண்டில் நீங்கள் கற்ற வேலை உங்களோடுதான் வீட்டுக்கு வந்திருக்கிறது. நாளைக் காலை கோப்பை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.